வீட்டோடு உட்கார்ந்து பார்க்க எந்தப் படம்?

வள்ளியூரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: “அண்ணாச்சி, கால் பரீட்சை லீவுக்கு அக்கா பிள்ளைகளும் இங்க வாராவ. வீட்டுல அம்மா இருக்காவ, மக ஒன்பதாப்பு, மகன் ரெண்டாப்பு. போன வாரம் குடும்பப் படம்னு சொன்னாவளேன்னு ஒண்ணைப் போட்டு, அரை மணி நேரத்துல ரிமோட்டைத் தேட வேண்டியதாப் போச்சு. யூ சர்டிபிகேட் இருக்கான்னு பார்த்துப் போட்டா போதுமா? வேற என்னத்தைப் பார்க்கணும்? நாலு படம் பேரும் சொல்லுங்க.”

போதாது தம்பி. சர்டிபிகேட்டைப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் அதைக் கொடுத்தவர்கள் உங்கள் வீட்டில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக் கொடுக்கவில்லை. ஏழு வயதுப் பையன், பதினாலு வயதுப் பெண், ஆச்சி என்று மூன்று தலைமுறை ஒரே பாயில் உட்காரும்போது, படம் எவ்வளவு நல்ல படம் என்பது இரண்டாவது கேள்வி. இந்த ஆட்களுக்கு, இந்த ராத்திரிக்கு இது ஒத்துவருமா என்பதுதான் முதல் கேள்வி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டி, அப்புறம் அதைப் பற்றிப் பேச வைக்கிற வேலையைப் பல வருஷமாகச் செய்கிறவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்லுகிறேன்.

நீங்கள் சொன்ன அந்த ரிமோட் கதை எல்லா வீட்டுக்கும் பொது. பாட்டு ஆரம்பிக்கும். அப்பா தொண்டையைச் செருமுவார். அம்மாவுக்கு அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வரும். மகள் குனிந்து செல்போனைப் பார்ப்பாள். சின்னவன் மட்டும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பான். “அந்தக் கழுதையை அமத்துலே” என்று ஆச்சியின் குரல் வரும். இந்தச் சங்கடம் நிஜம்தான், தவிர்க்க வேண்டியதுதான். ஆனால் குடும்பப் படம் என்றால் இந்தச் சங்கடம் வராத படம் என்று மட்டும் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. அதைப் பிறகு சொல்லுகிறேன், முதலில் சர்டிபிகேட்.

1952-ம் வருஷத்து சினிமா சட்டத்தின்படிதான் நம் நாட்டில் தணிக்கை நடக்கிறது. யூ என்றால் எல்லாரும் பார்க்கலாம், ஏ என்றால் 18 வயதுக்கு மேல் மட்டும். இரண்டுக்கும் நடுவில் யூஏ என்பது 1983-ல் வந்தது. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் பெற்றோர் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று அதற்கு அர்த்தம். இதில் என்ன சிக்கல் என்றால், லேசாக நாலு அடிதடி இருக்கிற படத்துக்கும் யூஏ, தலை உருளுகிற படத்துக்கும் யூஏ. இதைச் சரிசெய்ய 2023-ல் சட்டத்தைத் திருத்தி யூஏ 7+, யூஏ 13+, யூஏ 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். புதுப் படம் என்றால் போஸ்டரிலும் டிக்கெட் எடுக்கிற ஆப்பிலும் இந்த எண்ணைத் தேடுங்கள். உங்கள் சின்னவன் கூட இருக்கிறான் என்றால் யூ அல்லது யூஏ 7+ தாண்ட வேண்டாம். ஒரு விஷயம்: ஏ படத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போனால் தியேட்டர்காரர் வாசலிலேயே தடுக்க வேண்டும், அது சட்டம். யூஏ 16+ படத்துக்கு ஏழு வயதுப் பையனைக் கூட்டிப் போனால் யாரும் தடுக்க மாட்டார்கள். அந்த எண் பெற்றோருக்குச் சொல்லுகிற யோசனை மட்டும்தான், கேட்டில் நிற்கிறவருக்கு அதில் அதிகாரம் கிடையாது.

பழைய யூ சர்டிபிகேட்டிலும் ஒரு கதை இருக்கிறது. தமிழில் பேர் வைத்த படத்துக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று 2006-ல் நம் மாநில அரசு அறிவித்தது. 2011-ல் அதோடு யூ சர்டிபிகேட்டும் வேண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். 2017-ல் ஜிஎஸ்டி வருகிறவரை இதுதான் நிலவரம். யூ கிடைத்தால் வரி மிச்சம், கிடைக்காவிட்டால் நஷ்டம். அப்புறம் என்ன, எப்படியாவது யூ வாங்கிவிட வேண்டும் என்று வசனத்தை ஊமையாக்கினார்கள், ரத்தத்தை மங்கலாக்கினார்கள், குத்துகிற காட்சியில் இரண்டு விநாடியை நறுக்கினார்கள். கதையும் அதன் போக்கும் அப்படியேதான் இருந்தன. ஊமையாக்கின வார்த்தையை வாயசைவைப் பார்த்து ரெண்டாப்புப் பையன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். அதனால் அந்த வருஷங்களில் வந்த படத்தில் யூ இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட வேண்டாம். படம் ஆரம்பிக்கும்போது காட்டுகிற சர்டிபிகேட்டின் கீழ் ஓரத்தில் முக்கோணக் குறி இருந்தால் வெட்டித்தான் பாஸ் ஆகியிருக்கிறது என்று அர்த்தம்.

ஓடிடியில் வருகிறதற்குத் தணிக்கை வாரியத்தின் பார்வையே கிடையாது. 2021-ல் வந்த விதிகளின்படி அந்தந்த நிறுவனமே யூ, 7+, 13+, 16+, ஏ என்று வகை பிரித்துப் போட்டுக்கொள்ளுகிறது. தியேட்டரில் வெட்டினது இங்கே வெட்டாமல் வருவதும் உண்டு. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள்: படம் தொடங்கும்போது மூலையில் வயது எண்ணுக்குப் பக்கத்தில் வன்முறை, கெட்ட வார்த்தை, போதைப்பொருள் என்று காரணத்தையும் போடுகிறார்கள். அந்த ஒரு வரியைப் படிக்காமல் நாம்தான் முறுக்குத் தட்டைத் தேடிக்கொண்டிருப்போம். 13+ம் அதற்கு மேலேயும் உள்ளதற்குப் பூட்டுப் போடுகிற வசதி தர வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தனி ப்ரொஃபைல் போட்டு, உங்கள் ப்ரொஃபைலுக்கு ரகசிய எண் (PIN) வைத்துவிடுங்கள். பிறந்த நாளை வைக்காதீர்கள், அதைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பார்கள்.

சரி, சர்டிபிகேட் கண்ணில் படாத விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லுகிறாள். கதாநாயகன் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறான், காலேஜ் வாசலில் நிற்கிறான், பாட்டுப் பாடுகிறான், கடைசியில் அவள் சிரித்துவிடுகிறாள். முத்தம் கிடையாது, ரத்தம் கிடையாது, சுத்தமான யூ. ஆச்சியும் சிரித்துக்கொண்டே பார்ப்பார். உங்கள் ஒன்பதாப்பு மகளுக்கு அந்தப் படம் சொல்லிக்கொடுப்பது என்ன? பின்னாலேயே வருகிறவனுக்கு என்றைக்காவது சம்மதம் சொல்லத்தான் வேண்டும் என்பதுதானே? அக்கா மகன் பத்தாப்போ பதினொன்றோ படித்தால் அவனுக்கும் அதே பாடம்தான். பாட்டுக் காட்சிக்கு ரிமோட்டைத் தேடுகிற நாம் இதற்குத் தேடுவது இல்லை.

இன்னொன்று காமெடி. கறுப்பாக இருக்கிறவனை, குண்டாக இருக்கிற பெண்ணை, திக்கிப் பேசுகிறவரைக் கிண்டல் செய்வதே முக்கால்வாசி காமெடி டிராக். சனிக்கிழமை டிவியில் வந்த வார்த்தை திங்கட்கிழமை வகுப்பில் வரும். எந்தப் படத்தில் இருந்து வந்தது என்றுகூட என்னால் சொல்லிவிட முடியும். அந்த வார்த்தை விழுகிற பிள்ளை அன்றைக்கு மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிடும். பழைய ‘நல்ல குடும்பப் படங்கள்’ மட்டும் லேசுப்பட்டவை என்று எண்ண வேண்டாம். வாயாடியான பெண்டாட்டிக்கு ஒரு அறை, அதோடு அவள் திருந்திவிட்டாள், தியேட்டரே கை தட்டும். அந்தக் காட்சி உங்கள் வீட்டு டிவியில் வந்தால் அணைக்க வேண்டாம். “இது என்ன கூத்து?” என்று நீங்கள் ஒரு வார்த்தை சத்தமாகச் சொன்னால் போதும். அப்பா சொல்லுகிறார் என்பது பிள்ளைக்குப் பதியும்.

மூன்றாவதை நம் பக்கத்துக்காரர்களுக்கு என்று அழுத்திச் சொல்ல வேண்டும். சினிமாவில் திருநெல்வேலி என்றாலே அரிவாள் என்று ஆக்கிவைத்திருக்கிறார்கள். டாடா சுமோ நாலு வரும், மீசை முறுக்குவார்கள், ‘நம்ம ஆளுக’ என்று ஒரு வசனம் வரும். வெளியூர்க்காரனுக்கு அது வேடிக்கை. இங்கே அப்படி இல்லை. நாங்குநேரியில் 2023-ல் ஒரு பள்ளி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டின பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில் பிள்ளைகள் கையில் கலர் கலராகக் கயிறு கட்டி வருவதைத் தடுக்க வேண்டும் என்பதும் ஒரு பரிந்துரை. எந்தக் கலர் எந்தச் சாதிக்கு என்று இங்கே ஆறாப்புப் பிள்ளைக்கும் தெரியும். சாதிப் பெருமையை ஊதிவிடுகிற பாட்டு, அரிவாளைத் தூக்கினால் மரியாதை என்கிற கதை, இவை சினிமாவால் மட்டும் வந்தவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் யூஏ 13+ என்று போட்டிருந்தாலும் என் வீட்டில் அதைப் போட மாட்டேன். முத்தக் காட்சியைவிட எனக்கு அதுதான் பயம்.

இப்போது ஒரு படத்தை எடுத்து விளக்கமாகப் பார்ப்போம். 2015-ல் வந்த ‘பாபநாசம்’. நம்ம ஊர்ப் பக்கத்துக் கதை, கமல் கேபிள் டிவிக்கார சுயம்புலிங்கமாக வருவார், ஜெயமோகன் வசனம், எல்லார் வாயிலும் நெல்லைத் தமிழ். குடும்பத்தைக் காப்பாற்றுகிற அப்பன் கதை என்பதால் குடும்பப் படம் என்றால் முதலில் இதைத்தான் சொல்லுவார்கள். நல்ல படம், சந்தேகமே இல்லை. ஆனால் கதை எதில் இருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். கேம்புக்குப் போன இடத்தில் மூத்த மகள் குளிக்கும்போது ஒரு பையன் செல்போனில் திருட்டுத்தனமாகப் படம் எடுத்துவிடுகிறான், அதை வைத்து மிரட்டுகிறான். உங்கள் ஏழு வயதுப் பையன் “அவன் எதுக்குப்பா அக்காவை மிரட்டுதான்?” என்று கேட்டால் ஆச்சி முன்னால் என்ன பதில் சொல்லுவீர்கள்? சின்னவனுக்கு இது வேண்டாம்.

மகளுக்கு வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும் என்பேன். அவளும் அவள் அம்மாவும் நீங்களும் மட்டும் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். இந்த மாதிரி மிரட்டல் நிஜத்தில் நடக்கிறது. மாட்டிக்கொள்ளுகிற பிள்ளைகள் பெரும்பாலும் அப்பா என்ன சொல்லுவாரோ என்ற பயத்தில்தான் வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள். “உனக்கு இப்படி ஏதாவது வந்தா மொத ஆளா எங்ககிட்டச் சொல்லு, உன்னைத் திட்ட மாட்டோம்” என்று சும்மா ஒரு நாள் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னால் பிள்ளை முழிக்கும். அந்தப் படம் முடிந்த உடனே சொன்னால் தானாக உள்ளே போகும். 1098 என்கிற பிள்ளைகளுக்கான உதவி எண்ணையும் அப்போதே சொல்லிவைக்கலாம். அப்புறம், அந்த அப்பன் செய்தது சரியா, போலீசுக்குப் போயிருக்கலாமா என்று அவளைப் பேச விடுங்கள். நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒரே வீட்டில் ஒருத்திக்கு அவசியமான படம், இன்னொருத்தனுக்கு ஆகாத படம் என்று நான் சொல்லுவது இதைத்தான்.

சோகம் வேறு விஷயம். அழவைக்கிற படம் பிள்ளைக்கு ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். மாரி செல்வராஜின் ‘வாழை’ 2024-ல் வந்தது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கதை. லீவு நாளில் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டிய ஒரு பள்ளிக்கூடத்துப் பையனும் அவன் கூட்டாளியும், ஒருத்தன் ரஜினி கட்சி, ஒருத்தன் கமல் கட்சி. முக்கால்வாசி நேரம் சிரித்துக்கொண்டே பார்ப்பீர்கள். முடிவு நெஞ்சை அறுக்கும். பத்து வயதுக்கு மேல் உள்ள பிள்ளை தாராளமாகப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும், ஏனென்றால் பேட்டையில் இருந்து திருச்செந்தூர் வரை போகிற வழியெல்லாம் நாம் பார்க்கிற வாழைத்தோப்புக்குள் யார் யார் தலையில் தார் ஏறுகிறது என்பது அதில் இருக்கிறது. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டு, முடிந்ததும் லைட்டை அணைத்துத் தூங்கு என்று சொல்லாதீர்கள். பகலில் போடுங்கள். கடைசியில் சோகமாக முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெரிந்து வருகிற சோகத்தைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்ளுவார்கள். தெரியாமல் வந்து விழுந்தால்தான் ராத்திரி எழுந்து உட்காருவார்கள்.

மாரி செல்வராஜ் எடுத்த முதல் படம் ‘பரியேறும் பெருமாள்’, 2018. திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் நடக்கிற கதை. கயிற்றுக் கலர் விஷயம் சொன்னேனே, அதைப் பற்றி ஒன்பதாப்புப் பிள்ளையோடு பேச அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சின்னவன் கூட வேண்டாம், தொடக்கத்திலேயே கருப்பி என்கிற நாய்க்கு நேர்கிறதை அவனால் தாங்க முடியாது. நான் கவனித்தவரை சின்னப் பிள்ளைகளை ரொம்ப உலுக்குகிறவை இரண்டுதான்: வாயில்லா ஜீவன் சாவது, அம்மாவும் பிள்ளையும் பிரிவது. பேய், பூதம், துப்பாக்கிச் சண்டை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரி, எல்லாரும் ஒன்றாக உட்கார எதைப் போடலாம்?

ஆச்சிக்காக ஒரு நாளை ஒதுக்குங்கள். ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’, 1964. நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லுகிற காட்சிக்கு இன்றைக்கும் ரெண்டாப்புப் பையன் புரண்டு புரண்டு சிரிப்பான். பாலையா முகத்திலேயே பயந்து நடுங்குவார், அதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். ஆச்சி வசனத்தை நாகேஷுக்கு முன்னாலேயே சொல்லிவிடுவார், அதற்குத் தடை போடாதீர்கள். ‘திருவிளையாடல்’ (1965) தருமி காட்சியும் அப்படித்தான், கதையே தெரியாத பிள்ளைக்கும் அது வேலை செய்யும்.

நம் மண்ணின் கதை என்றால் பி.ஆர்.பந்துலுவின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961). இரண்டுமே மூன்று மணி நேரத்தைத் தாண்டும், ஒரே மூச்சில் பிள்ளைகள் உட்கார மாட்டார்கள். இடைவேளை வரை ஒரு நாள், மிச்சம் மறுநாள். எனக்குக் கேட்டால் கப்பலோட்டிய தமிழன்தான் ஒரு படி மேல். கட்டபொம்மனில் வசனம் முழங்கும், இதில் வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுக்கிற காட்சி பேசாமலே உள்ளே இறங்கும். பாரதியாக வருகிற எஸ்.வி.சுப்பையா செங்கோட்டைக்காரர். பார்த்துவிட்டு மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்பது நமக்குக் கிடைத்த வசதி. 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு மதுரை ரோட்டிலேயே இருக்கிறது. அங்கே நிற்கிற சிலையைத் தன் செலவில் இடம் வாங்கி வைத்தவர் அந்தப் படத்தில் நடித்த சிவாஜிதான். ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சியும் அங்கிருந்து பக்கம். சினிமா கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் சொல்லும், எது நிஜமாக நடந்தது என்று மகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். வ.உ.சி.யைக் கைது செய்ததற்காக 1908 மார்ச் 13-ல் திருநெல்வேலியே கொந்தளித்தது என்பதில் ஆரம்பிக்கட்டும்.

சின்னவர்களுக்குப் புதுப் படங்களில் ‘காக்கா முட்டை’யை விட்டுவிடாதீர்கள். பீட்சா தின்ன ஆசைப்படுகிற இரண்டு பையன்கள் கதை, சிறந்த சிறார் படத்துக்கான தேசிய விருது வாங்கினது. விளம்பரத் தாளில் இருக்கிற படத்தைப் பார்த்து அவர்கள் ஆயா தோசைக்கல்லில் காய்கறியைத் தூவி ஒரு பீட்சா சுடுவார். “நூல் நூலா வரலையே” என்று பையன்கள் மூஞ்சியைச் சுளிப்பார்கள். அந்த இடத்தில் உங்கள் ஆச்சியின் முகத்தைப் பாருங்கள். சென்னைப் பேச்சு கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், பரவாயில்லை. அந்த ஆயா இடையில் இறந்துபோவார், சின்னவனிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள். 2024-ல் வந்த ‘குரங்கு பெடல்’ அதைவிட லேசானது. ராசி அழகப்பனின் கதையில் இருந்து எடுத்தது, கோடை லீவில் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டக் கற்றுக்கொள்ளத் துடிக்கிற பையன், சைக்கிளே ஓட்டத் தெரியாத அப்பா. உங்கள் வயசுக்காரர்கள் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வாடகை கொடுத்தோம் என்று கதை பேச ஆரம்பித்துவிடுவீர்கள், பிள்ளைகள் உங்களைத்தான் சும்மா இருக்கச் சொல்ல வேண்டியிருக்கும். ‘பசங்க’ (2009) பிள்ளைகள் படம் மாதிரி இருந்தாலும் அதில் பாதி புருஷன் பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் சண்டை போடலாமா என்பதைப் பற்றியது. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ 2025-ல் வந்தது, இலங்கையில் இருந்து வந்து சென்னையில் குடியேறுகிற குடும்பம். எல்லா வயசும் ஒரே இடத்தில் சிரிக்கிற படம் இப்போதெல்லாம் அபூர்வம், இது அப்படி ஒன்று.

பேச்சே இல்லாத படத்தை யாரும் யோசிப்பது இல்லை. 2022-ல் இருந்து அரசுப் பள்ளிகளில் சிறார் படங்களைப் போட்டுக் காட்டுகிறார்கள். அதில் பார்த்தது என்னவென்றால், சாப்ளினின் ‘தி கிட்’ 1921-ல் வந்த ஊமைப் படம், கறுப்பு வெள்ளை, ஆனாலும் ஐந்து நிமிஷத்தில் பிள்ளைகள் குஷியில் கத்தித் தீர்த்துவிடுகிறார்கள். ‘தி ரெட் பலூன்’ என்கிற பிரெஞ்சுப் படம் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அதிலும் பேச்சு அநேகமாக இல்லை. சப்டைட்டில் படிக்க முடியாத ஆச்சிக்கும் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் சமமாகப் புரிகிற படங்கள் இவை. ஈரானின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ உங்கள் மகளுக்குப் பிடிக்கும். மொழி தடையாக இருந்தால் அதையே தமிழில் ‘அக்கா குருவி’ என்று 2022-ல் எடுத்திருக்கிறார்கள். மூலத்தின் அமைதி அதில் இல்லை என்பது என் எண்ணம், ஆனால் ஒரு ஜோடி ஷூவை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றிப் போடுகிற கதை எந்த மொழியிலும் நிற்கும்.

இதில் இல்லாத ஒரு புதுப் படத்தைப் போட வேண்டும் என்றால், பார்த்தவரிடம் கேளுங்கள், ஆனால் “படம் நல்லாருக்கா?” என்று கேட்காதீர்கள். எல்லாரும் நல்லாருக்கு என்றுதான் சொல்லுவார்கள். “ஆச்சி கூட உட்கார்ந்து பார்க்கலாமா, ரெண்டாப்புப் பையன் எங்கேயாவது பயப்படுவானா?” என்று கேட்டுப் பாருங்கள். “ம்… ரெண்டாவது பாதியில ஒரு சீன் இருக்கு” என்று இழுப்பார்கள். அந்த இழுவைதான் உங்களுக்கு வேண்டிய தகவல். அதே வயதுப் பிள்ளை வைத்திருப்பவரிடம் கேட்டால் இன்னும் நல்லது, கல்யாணம் ஆகாத சித்தப்பாவிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. ஐஎம்டிபி தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ‘பேரன்ட்ஸ் கைடு’ என்று ஒரு பகுதி இருக்கிறது, வன்முறை, குடி, பயமுறுத்துகிற காட்சி என்று தனித்தனியாகப் பார்த்தவர்கள் எழுதியிருப்பார்கள். டிரெய்லரை நம்பாதீர்கள், ஆனால் பாட்டுகளை முன்னாலேயே யூடியூபில் பார்த்துவிடலாம், படத்தின் குணம் பாதி அதில் தெரிந்துவிடும்.

தியேட்டருக்குப் போவதானால் முதல் நாள் வேண்டாம். நெல்லை ராம் முத்துராம் தியேட்டரில் முதல் காட்சி என்பது ஒரு திருவிழா, விசிலும் காகிதப் பறப்பும் அதற்கு என்றே வருகிறவர்களுக்கு. ஆச்சியும் பிள்ளைகளும் இருந்தால் இரண்டாவது வாரத்தில் ஒரு வார நாள் மதியக் காட்சி பார்த்துக்கொள்ளுங்கள், சீட்டும் கிடைக்கும், வசனமும் கேட்கும். சின்னவன் காதுக்குப் பஞ்சு கொண்டுபோங்கள், சத்தம் அவ்வளவு இருக்கிறது.

படம் முடிந்ததும் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடாதீர்கள். “இதுல இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?” என்று கேட்டால் அடுத்த தடவை கூப்பிட்டாலும் வர மாட்டார்கள். மறுநாள் காலையில் தோசை சுடும்போது “அதுல யார் மேல உனக்குக் கோவம் வந்துச்சு?” என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகள் கதாநாயகனைச் சொல்லுகிற நாளும் உண்டு, அதற்குத் தயாராக இருங்கள்.

உங்கள் லீவுக்கு நான் வரிசை போட்டால் இப்படிப் போடுவேன்: அக்கா பிள்ளைகள் வந்த அன்றைக்கே ‘தி ரெட் பலூன்’, சின்னதாக இருப்பதால் யாருக்கும் சலிக்காது. மறுநாள் ‘குரங்கு பெடல்’. ஆச்சி நாளில் ‘காதலிக்க நேரமில்லை’. ‘கப்பலோட்டிய தமிழன்’ இரண்டு ராத்திரிக்கு, ஒட்டப்பிடாரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துக்கொள்ளுங்கள். சின்னவர்கள் மத்தியானம் தூங்குகிற ஒரு நாள் பார்த்து மகளோடு ‘பாபநாசம்’. இன்னொரு நாளை முழுக்க அவள் கையில் விட்டுவிடுங்கள், யூஏ 13+ தாண்டக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. அவள் எடுக்கிற படம் உங்களுக்குப் பிடிக்காமல் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது. செல்போனை எடுக்காமல் கடைசி வரை உட்கார்ந்து பாருங்கள் தம்பி.